மிடில் நேம் கட்டத்துல என்ன எழுதுறது? இனிஷியல் மட்டும் வச்சிருக்குற நம்மாளுங்களுக்கு

"அக்கா, மிடில் நேம்னு ஒண்ணு கேக்குது, அதுல என்ன போட?"

மதுரை பக்கத்துல சின்னதா ஒரு பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன், பதினோரு வருஷம் ஆச்சு, இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. பாஸ்போர்ட், பான் கார்டு, ஸ்காலர்ஷிப், வெளிநாட்டு காலேஜ்னு எதத் திறந்தாலும் ஃபர்ஸ்ட் நேம், மிடில் நேம், லாஸ்ட் நேம்னு மூணு கட்டம் வரிசையா வந்து நிக்கும், எதிர்ல உக்காந்திருக்குறவங்க கிட்ட ஒரு பேரும் ஒரு எழுத்தும்தான் இருக்கும். அந்த ஒத்த எழுத்த எங்க வைக்குறதுன்னு தெரியாம ஆளாளுக்கு ஒரு இடத்துல வச்சுட்டுப் போயிடுறாங்க, அப்புறம் வருஷக்கணக்கா அலையுறாங்க. அதான் உக்காந்து முழுசா எழுதிடலாம்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

போன மாசம் ஒரு தம்பி வந்தான், செல்வகுமார்னு வச்சுக்குவோம், அப்பா பேரு முருகேசன்னு வச்சுக்குவோம். ஆதார்ல "செல்வகுமார் எம்", பான் கார்டுல "முருகேசன் செல்வகுமார்", பாஸ்போர்ட்ல வெறும் "செல்வகுமார்", சர்நேம், அதாவது லாஸ்ட் நேம் கட்டம் காலி. மூணையும் டேபிள் மேல வரிசையா வச்சுப் பாத்தா மூணு பேர் மாதிரி இருக்கு. ஆதாரையும் பானையும் லிங்க் பண்ணப் போனா பேரு ஒத்துப் போகலைன்னு திரும்பத் திரும்ப சிவப்பு எழுத்துல வருது. அவன் மேல ஒரு தப்பும் இல்ல, மூணு ஃபார்மையும் மூணு வேற வேற ஆளுங்க மூணு வேற வேற வருஷத்துல ஃபில் பண்ணிருக்காங்க, அவ்வளவுதான்.

மொதல்ல இந்த மிடில் நேம்ங்குறது என்னன்னு தெரிஞ்சுக்கணும், அது தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். அது நமக்காகப் போட்ட கட்டமே இல்ல. இங்கிலீஷ்காரங்க கிட்டயே ஒரு காலத்துல இது பெருசா கிடையாது. அமெரிக்காவோட மொத அஞ்சு ஜனாதிபதிகள எடுத்துக்கோங்க, வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெபர்சன், மேடிசன், மன்றோ, யாருக்குமே நடுப்பேர் இல்ல. ஆறாவதா வந்த ஜான் குவின்சி ஆடம்ஸுக்குத்தான் இருந்துச்சு, 1767ல பொறந்தவரு, அந்த குவின்சிங்குறது அவங்க அம்மாவழி கொள்ளுத்தாத்தாவோட குடும்பப் பேரு. அதாவது கடைசில அப்பா குடும்பப் பேரு வந்துடுது, அம்மா வீட்டுப் பக்கத்துப் பேரு அழிஞ்சு போகக் கூடாதுன்னு நடுவுல ஒரு இடம் குடுத்துருக்காங்க. கிறிஸ்தவக் குடும்பங்கள்ல ஞானஸ்நானத்துக்கு வைக்குற புனிதர் பேரும் இதே மாதிரி நடுவுல வந்து உக்காந்துக்கும்.

அங்கயும் ஃபார்ம் குழப்பம் இல்லாம இல்ல. யுலிசஸ் எஸ். கிராண்ட்னு ஒரு ஜனாதிபதி, அவரு உண்மையான பேரு ஹைரம் யுலிசஸ் கிராண்ட். 1839ல வெஸ்ட் பாயின்ட் ராணுவ காலேஜுக்கு அவர சிபாரிசு பண்ண எம்பி பேர தப்பா எழுதிட்டாரு, நடுவுல இல்லாத ஒரு 'எஸ்' வந்துடுச்சு, அது கடைசி வரைக்கும் போகவே இல்ல. ஹாரி எஸ். ட்ரூமன்னு இன்னொரு ஜனாதிபதி, அவரு பேருல இருக்குற 'எஸ்'க்கும் விரிவாக்கம்னு எதுவும் கிடையாது, ரெண்டு தாத்தா பேருலயும் 'எஸ்' வருதுன்னு பொதுவா வச்சது. இத ஏன் சொல்றேன்னா, ஒரு ஃபார்ம்ல விழுந்த எழுத்து ஒரு ஜனாதிபதியவே விடலைன்னா நம்மள விடுமா? கட்டத்த நிரப்புறதுக்கு முன்னாடி நிதானமா யோசிக்கணும்.

நம்ம நாட்டுலயே மஹாராஷ்டிரா, குஜராத் பக்கம் இந்த மூணு கட்டமும் அளவெடுத்து தச்ச சட்ட மாதிரி பொருந்தும். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர், சச்சின் ரமேஷ் டெண்டுல்கர், எல்லாம் ஒரே வரிசைதான்: தன் பேரு, அப்பா பேரு, குடும்பப் பேரு. நடுவுல இருக்குறது அப்பா. ரஷ்யாவுலயும் அப்படித்தான், விண்வெளிக்குப் போன மொத பொண்ணு வாலன்டினா விளாதிமிரோவ்னா தெரஷ்கோவா, அந்த விளாதிமிரோவ்னாவுக்கு விளாதிமிரோட மகள்னு அர்த்தம். அவங்களுக்கெல்லாம் அப்பா பேருக்குப் பின்னாடி இன்னொரு குடும்பப் பேரு இருக்கு, அதனால அப்பா நடுவுல நிக்குறாரு. நமக்கு அந்தக் கடைசிப் பேரு இல்ல. இல்லங்குறது கொறையும் இல்ல.

நம்ம வரிசை ரொம்பப் பழசு. சங்கப் புலவர் ஒருத்தரோட பேரப் பாருங்க: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். மொதல்ல ஊரு, அடுத்து அப்பா, கடைசியா தன் பேரு. இதையே சுருக்கி எழுதினா ம. க. நக்கீரன், அப்படியே இன்னைக்கு ஓட்டர் லிஸ்ட்ல போடலாம். மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் எம்ஜிஆர் ஆனதும் அதே வரிசைதான், காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை சி.என்.அண்ணாதுரை ஆனதும் அதேதான், காஞ்சிபுரத்த அப்ப இங்கிலீஷ்ல கஞ்சீவரம்னு 'சி'ல எழுதினதால 'சி' வந்துச்சு. இந்தப் பேருக்குப் பின்னாடி முன்னல்லாம் இன்னொரு வால் இருந்துச்சு, சாதிப் பட்டம். 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல நடந்த மொத சுயமரியாதை மாகாண மாநாட்டுல, பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டத்த போடுறத விடணும்னு தீர்மானம் போட்டாங்க, தலைமை தாங்குன டபிள்யூ.பி.ஏ.சௌந்திரபாண்டியனே தன் பட்டத்த விட்டாரு. அப்படி அந்த வால ஊரே கொஞ்சம் கொஞ்சமா வெட்டி எறிஞ்சதுனாலதான் இன்னைக்கு நம்ம லாஸ்ட் நேம் கட்டம் காலியா இருக்கு. என் கடைக்கு வர்ற பசங்க கிட்ட இத நான் சொல்லாம அனுப்புறதில்ல, ஏன்னா "நமக்கு சர்நேம் இல்லையாக்கா"ன்னு கொரல எறக்கிக் கேக்குறாங்க, எதுக்குக் கொரல எறக்கணும்?

இன்னொண்ணு, பேரன்ங்குற வார்த்தையே பெயரன்தான், தாத்தா பேரத் தாங்குறவன். எங்க தெருவுல ஒரு வீட்டுல தாத்தா முருகேசன், இனிஷியல் செ. மகன் செல்வம், இனிஷியல் மு. பேரன் திரும்ப முருகேசன், இனிஷியல் செ. தாத்தாவுக்கும் பேரனுக்கும் பேரு, இனிஷியல் எல்லாம் ஒண்ணு, தபால்காரர் மட்டும் பாவம்.

சரி, இப்ப வேலைக்கு வருவோம்.

மொதல்ல கையில இருக்குற எல்லா பேப்பரையும் எடுத்து வைங்க, பிறப்புச் சான்றிதழ், டென்த் மார்க் ஷீட், ஆதார், பான், பாஸ்போர்ட் இருந்தா அது. ஒரு வெள்ளத்தாள்ல ஒவ்வொண்ணுலயும் பேரு எப்படி இருக்கோ அப்படியே, ஸ்பெல்லிங், புள்ளி, இடைவெளி மாறாம கீழ கீழ எழுதுங்க. அப்பா பேரையும் அதே மாதிரி, அவரு ஆதார்ல எப்படி இருக்கு, உங்க பேப்பர்ல எப்படி இருக்குன்னு எழுதுங்க. சண்முகத்துல 'எச்' இருக்கா இல்லையா, லட்சுமியில 'எக்ஸ்' போட்டுருக்காங்களா 'கேஎஸ்எச்' போட்டுருக்காங்களா, இதெல்லாம் கண்ணால பாத்தா தெரியாது, எழுதிப் பாத்தாதான் தெரியும். பாதி பேரு இந்த இடத்துலயே "அய்யோ"ன்னு தலையில கை வைப்பாங்க.

அடுத்து இனிஷியல விரிக்கணும். ஒத்த எழுத்து ஒரு பேரு இல்ல, அது ஒரு ஆளோட முழுப்பேரு சுருண்டு கெடக்குறது. பாஸ்போர்ட் ஃபார்ம்லயும் சரி பான் ஃபார்ம்லயும் சரி சுருக்கம் போடக் கூடாதுன்னே சொல்லிருக்காங்க, ஆனாலும் 'எம்'னு ஒத்த எழுத்த சர்நேம்ல தட்டிட்டு வர்றவங்கள நான் நெறைய பாக்குறேன். வெளிநாட்டுக்குப் போனா உங்கள "மிஸ்டர் எம்"னுதான் கூப்பிடுவாங்க.

இப்பதான் பெரிய முடிவு: அப்பா பேரு முன்னாடியா பின்னாடியா? இதுக்கு நம்ம ஆளுங்க வாழ்க்கையிலயே பதில் இருக்கு. சி.வி.ராமன், சுப்ரமணியன் சந்திரசேகர், விஸ்வநாதன் ஆனந்த், மூணு பேருக்கும் தன் பேரு கடைசில இருக்கு. அதனால உலகம் மரியாதையா கூப்பிடும்போது அவங்க சொந்தப் பேருலயே கூப்பிட்டுச்சு, ராமன் எஃபெக்ட், சந்திரசேகர் லிமிட், செஸ் போர்டுல ஆனந்த். ஆனா வெளிநாட்டுல செல்லமா கூப்பிடுறவங்க மொதப் பேரத்தான் எடுப்பாங்க, ஆனந்த "விஷி"ன்னு கூப்பிடுறாங்களே, அது அவங்க அப்பா பேரு! இதுவே தன் பேர முன்னாடியும் அப்பா பேர பின்னாடியும் வச்சா தலைகீழாகும், பக்கத்து சீட்டுக்காரன் உங்க பேரு சொல்லுவான், பேங்க் லெட்டர்ல "டியர் மிஸ்டர் முருகேசன்"னு அப்பாவுக்கு எழுதுன மாதிரி வரும். ரெண்டுல ஒண்ணுல அப்பா பேரு வந்துதான் தீரும், எது உங்களுக்கு தேவலன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

என் கருத்தக் கேட்டா தன் பேரு முன்னாடி, அப்பா பேரு சர்நேம், மிடில் நேம் காலி. தினமும் வாயால கூப்பிடுற பேரு நம்ம பேரா இருக்கணும். என் தங்கச்சிக்கு இது மாறிப் போச்சு, வெளிநாட்டுல வேலைக்கு சேந்த மொத நாள்ல இருந்து எல்லாரும் அவள எங்க அப்பா பேரு சொல்லித்தான் கூப்பிட்டாங்க, முதல்ல சிரிச்சா, அப்பா தவறுனதுக்கு அப்புறம் ஒரு நாள் மீட்டிங்ல யாரோ அந்தப் பேர சத்தமா கூப்பிட்டப்ப எந்திரிச்சு வெளிய போயிட்டேன்னு ராத்திரி போன்ல அழுதா. பிளாஸ்டிக் கார்டுல நாலு எழுத்து எடம் மாறுனதுதான், ஆனா அவ பட்டது அவளுக்குத்தான் தெரியும்.

பாஸ்போர்ட் ஃபார்ம்ல மிடில் நேம்னு தனி கட்டமே கிடையாது, இது நெறைய பேருக்கு தெரியாது. கிவன் நேம், சர்நேம், ரெண்டே கட்டம்தான், மிடில் நேம் இருந்தா கிவன் நேம்லயே ஃபர்ஸ்ட் நேமுக்கு அடுத்து எழுதணும். செல்வகுமாருக்கு கிவன் நேம்ல செல்வகுமார், சர்நேம்ல முருகேசன், முடிஞ்சுது. ஊர் பேரு இனிஷியல் இருந்தா, அதாவது ரெண்டு இனிஷியல், அப்பா பேரு மட்டும் போதும், ஊர விட்டுடலாம், ஆனா டிகிரி சர்டிபிகேட்ல ஊரும் சேந்து முழுசா விரிஞ்சு இருந்தா விடாதீங்க. வாங்குனதுக்கு அப்புறம் போட்டோ பக்கத்துல கீழ ரெண்டு வரி இருக்கும் பாருங்க, வரிக்கு 44 எழுத்து, நடுநடுவுல அம்புக்குறி மாதிரி அடையாளம். மெஷின் படிக்குறது அந்த வரியத்தான். நாட்டு எழுத்துக்கு அடுத்து மொதல்ல சர்நேம், ரெண்டு அம்புக்குறி விட்டு கிவன் நேம். உங்கள எந்த வரிசையில உலகம் படிக்கும்னு அங்க தெரிஞ்சுக்கலாம்.

சர்நேம காலியா விடலாம், பாஸ்போர்ட் குடுப்பாங்க. ஆனா அப்புறம் வர்றதையும் சொல்லிடுறேன். அமெரிக்க விசா ஃபார்ம்ல ஒரே பேரு இருந்தா அது சர்நேமுக்குப் போயிடும், கிவன் நேம்ல எஃப்என்யூன்னு போடணும், ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்னு அர்த்தம். அங்க போய் எடுக்குற லைசென்ஸ்லயும் அதே வந்து ஒட்டிக்கும், அம்மா அப்பா ஆசையா வச்ச பேர கையில வச்சுக்கிட்டு பேரு தெரியாதவர்னு கார்டு வாங்குற நெலம. துபாய் பக்கம் 2022 நவம்பர் 21ல இருந்து பாஸ்போர்ட்ல ஒத்தப் பேரு மட்டும் இருந்தா விசிட் விசாவுல உள்ள விட மாட்டோம்னு சொல்லிட்டாங்க, அப்புறம் ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரு இருந்தா பரவாயில்லைன்னு தளர்த்துனாங்க. நம்ம பக்கத்துல இருந்து கல்ஃபுக்குப் போறவங்க எத்தன பேரு! அதனால இனி புதுசா எடுக்குறவங்க சர்நேம காலியா விடாதீங்க, நான் கண்டிப்பாவே சொல்றேன்.

பான் கார்டுல கத வேற. அங்க லாஸ்ட் நேம் கட்டாயம், ஒரே பேரு இருந்தா அத லாஸ்ட் நேம்லதான் போடணும். பான் கேட்டு பல வருஷமா நாங்க ஃபில் பண்ணுன 49ஏ ஃபார்மோட குறிப்புல நம்மாளு ஒருத்தரையே உதாரணமா போட்டுருப்பாங்க, எம்.எஸ்.கந்தசாமி, அதாவது மதுரை சோமசுந்தரம் கந்தசாமி. ஃபர்ஸ்ட் நேம் மதுரை, மிடில் நேம் சோமசுந்தரம், லாஸ்ட் நேம் கந்தசாமி. மொத தடவ படிச்சப்ப எனக்கு ஒரு சந்தோஷம், நக்கீரனார் வரிசை அப்படியே இன்கம்டாக்ஸ் ஃபார்ம்ல உக்காந்திருக்கு. ஆனா கவனிங்க, அந்த உதாரணத்தப் பாத்து அப்பா பேர முன்னாடி போட்டுட்டு பாஸ்போர்ட்ல பின்னாடி போட்டா செல்வகுமார் கதிதான். ரெண்டு வரிசையும் சரிதான், ஏதாவது ஒண்ண பிடிச்சுக்கிட்டு எல்லா இடத்துலயும் அதையே போடுங்க. ஆதார்ல பேரு ஒரே கட்டம்தான், நீங்க எழுதுற வரிசை அப்படியே விழும், பேர ரெண்டு தடவைக்கு மேல மாத்த விட மாட்டாங்க, அதனால ஆதார திருத்தப் போறதுக்கு முன்னாடி அந்த வெள்ளத்தாள்ல முடிவு பண்ணிட்டுப் போங்க.

டிக்கெட் எடுக்கும்போது மிடில் நேம் இருக்குறவங்களுக்கு ஃபர்ஸ்ட் நேமோட ஒட்டிப் போயி நீளமா ஒரே வார்த்தையா வரும், பயப்பட வேண்டாம். பாஸ்போர்ட்ல இருக்குற எழுத்து அதே வரிசையில இருக்கான்னு மட்டும் பாருங்க. சர்நேம் காலியா இருக்குறவங்க ஏர்லைன்ஸ்ல கேட்டுட்டு எடுங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாங்க.

அம்மா இனிஷியல் போடலாமான்னு கேக்குறவங்க இப்ப ஜாஸ்தி ஆயிட்டாங்க. தாராளமா போடலாம். எம்.எஸ்.சுப்புலட்சுமியோட 'எஸ்' யாருன்னு நெனைக்குறீங்க? சண்முகவடிவு, அவங்க அம்மா, வீணை வாசிச்சவங்க. எங்க மதுரைக்காரங்க, அம்மா பேர முன்னாடி வச்சுக்கிட்டே பாரத ரத்னா வரைக்கும் போனவங்க. சட்டமும் இப்ப பக்கத்துல நிக்குது, 2015ல சுப்ரீம் கோர்ட், கல்யாணம் ஆகாத தாய் அப்பா யாருன்னு சொல்லாமலே புள்ளைக்கு கார்டியன் ஆகலாம்னு சொல்லிடுச்சு, 2016 டிசம்பர்ல பாஸ்போர்ட்டுக்கு அம்மா இல்லேன்னா அப்பா, யாராவது ஒருத்தர் பேரு போதும்னு ஆச்சு, 2018 டிசம்பர்ல இருந்து அம்மா மட்டும் இருக்குறவங்களுக்கு பான் ஃபார்ம்லயும் அப்பா பேரு கட்டாயம் இல்ல. கொஞ்ச நாள் முன்னாடி ஒரு அக்கா மகளக் கூட்டிட்டு வந்தாங்க, நான் பழக்கத்துல "அப்பா பேரு சொல்லும்மா"ன்னு கேட்டுட்டேன், அந்தப் பொண்ணு தரையப் பாக்குது. "எம் பேரப் போட முடியாதாம்மா"ன்னு அந்த அக்கா கேட்டாங்க. போட்டேன். ஸ்கிரீன்ல அவங்க பேரு ஒவ்வொரு எழுத்தா விழுறத கிட்ட வந்து நின்னு பாத்தாங்க, பாத்துட்டு "ஸ்பெல்லிங் சரியா இருக்கா"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அன்னைல இருந்து நான் அப்பா பேரான்னு கேக்குறதில்ல, இனிஷியல் யார் பேருன்னுதான் கேக்குறேன்.

கல்யாணம் ஆனவங்களுக்கு ஒரு வார்த்த. புருஷன் இனிஷியலுக்கு மாறியே ஆகணும்னு சட்டம் எதுவும் கிடையாது. மாத்துனா எல்லாத்தையும் மாத்தணும், ரேஷன் கார்டுல ஒண்ணு பேங்க்ல ஒண்ணுன்னு பாதியில விடாதீங்க. விட்டுட்டு வந்து என் கடையில நிக்குறவங்கள்ல முக்காவாசி பேரு பொண்ணுங்கதான்.

மலேசியா, சிங்கப்பூர் சொந்தக்காரங்க இருந்தா அவங்க ஃபார்ம் வேற மாதிரி இருக்கும். மலேசியாவுல பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல ஏ/எல் இல்லேன்னா ஏ/பி வரும், மகன், மகள்னு மலாய்ல அர்த்தம். சிங்கப்பூர்ல எஸ்/ஓ, டி/ஓ. அது மிடில் நேம் இல்ல, சர்நேமும் இல்ல, அத கட்டத்துக்குள்ள திணிக்காதீங்க.

குழந்தை பொறந்த வீடா இருந்தா இப்பவே பண்ண வேண்டியது இது. பிறப்புச் சான்றிதழ்ல பேரு சேக்க 15 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, இருந்தாலும் இழுக்காதீங்க. சேக்கும்போதே அப்பா அம்மா பேரு அவங்க ஆதார்ல இருக்குற அதே ஸ்பெல்லிங்ல இருக்கான்னு பாருங்க, புள்ளையோட சர்நேம் ஆகப் போறது அந்த ஸ்பெல்லிங்தான். ஸ்கூல்ல டென்த் பரீட்சைக்கு முன்னாடி நாமினல் ரோல், அதாவது பரீட்சை எழுதுறவங்க பட்டியல் எடுக்கும்போது பேரு செக் பண்ணச் சொல்லுவாங்க, பசங்க கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்துடும், அன்னைக்கு நீங்களே போய் நில்லுங்க. எனக்கு அந்த வயசுல யாரும் சொல்லல, மார்க் ஷீட்ல இனிஷியல் மாறி வந்து அத திருத்த எங்கம்மா கூலி வேலைய விட்டுட்டு அஞ்சு நாள் அலஞ்சாங்க.

ஏற்கனவே தப்பாயிடுச்சா? எது ரொம்பப் பழசோ, மாத்த எது ரொம்பக் கஷ்டமோ, பெரும்பாலும் டென்த் மார்க் ஷீட், அத அசைக்காம மத்தத அதுக்கு ஏத்த மாதிரி கொண்டு வாங்க. வரிசையும் முக்கியம், மொதல்ல ஆதார், அடுத்து பான், கடைசியா பேங்க், ஏன்னா பான் திருத்தவும் பேங்க் திருத்தவும் ஆதாரத்தான் காட்டப் போறீங்க. இனிஷியல விரிச்சு எழுதுறது வேற, பேரையே மாத்துறது வேற, பேரு மாறுதுன்னா தமிழ்நாடு அரசிதழ்ல போடணும், அந்த அரசிதழ் பக்கத்த லேமினேட் பண்ணிடாதீங்க, ஒரிஜினல் கேக்குற இடத்துல லேமினேஷன் பண்ணத சில பேரு வாங்க மாட்டேங்குறாங்க.

அந்த வெள்ளத்தாள தூக்கிப் போட்டுடாதீங்க. அடியில கோடு போட்டு "இனி எல்லாத்துலயும் இப்படி"ன்னு முடிவு பண்ண பேர பெரிய எழுத்துல எழுதி, சர்டிபிகேட் ஃபைலோட மொத கவர்ல சொருகி வைங்க, போன்லயும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. செல்வகுமாருக்கு அப்படி ஒண்ணு எழுதிக் குடுத்தேன், இப்ப ஆதார் திருத்தம் போட்டுருக்கான், வந்ததும் பான் போடணும்.